பச்சைப் புள்ளி ஏன் விலகியது?

2019 செப்டம்பர் 7, பின்னிரவு ஒன்றேமுக்கால் மணி. மைசூர் வித்யாரண்யபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்து, அந்த ஜூன் மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தேன். இரண்டாம் வகுப்பு படித்த பேத்தி, தூங்க மாட்டேன் என்று அடம்பிடித்து என் பக்கத்தில் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள்.

திரையில் ஒரு சிவப்புக் கோடு வளைந்து கீழே இறங்கியது. சந்திரயான்-2 கொண்டுபோன விக்ரம் என்ற தரையிறங்கு கலம் எந்த வழியாக இறங்க வேண்டும் என்று முன்கூட்டியே போட்ட கோடு அது. அதன்மேல் ஒரு பச்சைப் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. விக்ரம் அந்த நொடியில் உண்மையில் இருக்கும் இடம் அது. ஒன்று முப்பத்தெட்டுக்கு இறக்கம் தொடங்கியதிலிருந்து, கோட்டைப் பிடித்த கை போலப் புள்ளி அதன்மேலேயே போனது. கடைசிக் கட்டத்தில் புள்ளி கோட்டை விட்டு விலகியது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. பெங்களூர் கட்டுப்பாட்டு அறையில் கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் அமைதியானார்கள். 2.1 கிலோமீட்டர் உயரம் வரை எல்லாம் திட்டப்படி நடந்தது, அதன்பின் தொடர்பு அற்றுப்போனது என்று இஸ்ரோ தலைவர் கே. சிவன் அறிவித்தார்.

பேத்தி என்னைப் பார்த்துக் கேட்டாள்: “தாத்தா, பச்சைப் புள்ளி ஏன் கோட்டை விட்டுப் போச்சு?”

எனக்குத் தெரியவில்லை என்றேன். நாளைக்குச் சொல்வார்கள், தூங்கு என்றேன். விடிந்ததும் சிவன் கண் கலங்கியதையும் பிரதமர் அவரை அணைத்துக்கொண்டதையும் நாடே பார்த்தது. எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் பேத்தியின் கேள்விக்குப் பதில் வரவில்லை. அந்த வாரம் வரவில்லை, அந்த மாதமும் வரவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேலாகக் கோள்களில் கலங்கள் இறங்குவதைச் செய்தித்தாளிலும் வானொலியிலும் பிறகு திரையிலும் விடாமல் தொடர்ந்து வருகிறவன் நான். அந்த உரிமையில், இந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

மேஜைமேல் வைத்த பேரிங்

நான் வேலை பார்த்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் என் ஆதங்கம் விளங்கும். அசோகபுரத்தில் இருக்கும் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பயணிகள் பெட்டிகளைக் கழற்றிப் பழுதுபார்த்து மறுபடி பூட்டுவோம். பெட்டி உள்ளே வந்ததும் இரு முனையிலும் கிரேன் கொக்கி மாட்டி உடலைத் தூக்குவோம். சக்கரத் தொகுதியான போகி தனியாகத் தடத்தில் நிற்கும். ஸ்பிரிங், அதற்குள் எண்ணெயில் மூழ்கி அதிர்ச்சி வாங்கும் டேஷ்பாட், ஆக்சில், பேரிங் எல்லாம் வெளியே வரும். கழுவி, அளந்து, சோதித்து, தேறியதைப் பூட்டி, தேறாததை ஒதுக்குவோம்.

வழியில் சூடாகிக் கெட்டுப்போன பேரிங் ஒன்று வந்தால் எங்கள் மேஸ்திரி அதை ஒதுக்க விடமாட்டார். வெட்டித் திறந்து மேஜைமேல் வைப்பார். அப்ரண்டிஸ் பையன்கள் முதல் ஓய்வு பெறப்போகிற பெரியவர்கள்வரை எல்லாரும் வரிசையாக வந்து பார்க்க வேண்டும். உருளை எங்கே உரிந்திருக்கிறது, கிரீஸ் எங்கே கருகியிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவார். யார் பூட்டியது என்று கேட்க மாட்டார். எப்படிக் கெட்டது என்று மட்டும்தான் கேட்பார். அந்த மேஜையில்தான் நான் தொழில் கற்றேன். நல்ல பேரிங் எனக்குக் கற்றுக்கொடுத்தது கொஞ்சம். கெட்டது கற்றுக்கொடுத்தது அதிகம்.

விண்கலம் தரையிறங்குவதையும் அப்படித் திறந்து வைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. வெற்றியை நேரலையில் காட்டுவது மட்டும் போதாது. கலம் அனுப்பும் படங்களை அது அனுப்பிய அன்றே மக்கள் பார்க்க வேண்டும். தோற்றால், ஏன் தோற்றது என்ற அறிக்கை குடிமக்கள் கைக்கு வர வேண்டும். பார்வையாளர்களாக இருக்கும் நம் பிள்ளைகளைப் பங்காளிகளாக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஏலகிரி அடிவாரம் மாதிரி

2021 பிப்ரவரி 19 பின்னிரவைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாயில் ஜெசீரோ என்ற பள்ளத்தில் இறங்க வேண்டிய இரவு. நம் நேரப்படி இரண்டு மணி இருபத்தைந்து நிமிடத்துக்குத் தரையிறங்கிய சேதி வர வேண்டும். மைசூரில் பிப்ரவரி பின்னிரவு குளிரும். ஸ்வெட்டரும் மப்ளருமாக உட்கார்ந்திருந்தேன். முழங்கால் வைத்தியத்துக்காக ஜோலார்பேட்டையிலிருந்து வந்திருந்த என் தங்கை கூடத்தில் படுத்திருந்தாள். சத்தம் கேட்டு எழுந்து வந்தவள், காபி போட்டு எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

என் தங்கைக்கும் செவ்வாய்க்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. அவள் ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் என்று சொல்லி வரன்கள் திரும்பிப் போயின. இருபத்திரண்டு வயதில் தொடங்கிய பேச்சு முப்பத்தொன்றில்தான் முடிந்தது. அம்மா அவளை வைத்தீஸ்வரன் கோயிலுக்கு எத்தனை முறை கூட்டிப்போனாள் என்று கணக்கில்லை. ஜோலார்பேட்டையில் விடியற்காலை ரயில் ஏறும்போது தங்கை தலை குனிந்தே இருப்பாள். கோயிலையும் அம்மாவின் நம்பிக்கையையும் நான் குறை சொல்ல மாட்டேன். போக்கிடம் இல்லாதவள் போன இடம் அது. ஆனால் அந்த ஒன்பது வருஷமும் என் தங்கை, யாரும் அருகில் போய்ப் பார்க்காத ஒரு பொருளுக்குப் பயந்து வாழ்ந்தாள்.

அன்றிரவு அவளுக்கு நான் ஒவ்வொன்றாக விளக்கினேன். செவ்வாயிலிருந்து சேதி வந்து சேர அன்று பதினோரு நிமிடம் இருபத்திரண்டு நொடி. காற்று மண்டலத்தின் உச்சியிலிருந்து தரைக்கு வர ஏழு நிமிடம்தான். ஆகவே கலம் உள்ளே நுழைந்துவிட்டது என்ற சேதி நமக்குக் கிடைக்கும்போது, அது தரையில் நிற்கிறதா நொறுங்கிக் கிடக்கிறதா என்பது அங்கே முடிந்துபோயிருக்கும். இங்கிருந்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. எல்லாவற்றையும் கலமே தானாகச் செய்துகொள்ள வேண்டும்.

மணிக்கு 19,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் நுழைகிறது. வெப்பக் கவசம் வேகத்தைத் தின்கிறது. 21.5 மீட்டர் விட்டமுள்ள பாராசூட் விரிகிறது. கவசத்தைக் கழற்றிப் போட்டதும் கலத்தின் கேமரா கீழே பார்க்கிறது. பார்த்ததைத் தன்னிடம் இருக்கும் வரைபடத்தோடு ஒப்பிட்டு, பாறை இல்லாத இடத்தைத் தானே தேர்ந்தெடுக்கிறது. கடைசியில் ராக்கெட் எஞ்சின்களோடு அந்தரத்தில் மிதக்கும் ஒரு தூக்கி, ஒரு டன் எடையுள்ள ஊர்தியை நைலான் கயிறுகளில் கட்டி மெதுவாகக் கீழே இறக்குகிறது.

அந்த இடத்தில் என் கை தானாக விரிந்தது. பெட்டியின் உடலை மறுபடி போகிமேல் இறக்கும்போது இதே வேலைதான் நாங்கள் செய்வோம். இரண்டு கிரேனும் ஒரே சீராக இறங்க வேண்டும். கீழே நிற்கிறவன் உள்ளங்கையை விரித்து, அழுத்தி அழுத்தி, ‘மெள்ள, மெள்ள’ என்று ஜாடை காட்டுவான். கடைசி நான்கு அங்குலத்தில் யாரும் மூச்சு விடமாட்டார்கள். சென்டர் பிவட் தன் குழிக்குள் உட்காரும் சத்தம் கேட்ட பிறகுதான் பேச்சு வரும். அந்தச் சத்தத்தை முப்பத்தெட்டு வருஷம் கேட்டவன் நான். பெர்சிவரன்ஸ் நொடிக்கு முக்கால் மீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டது. பெட்டி இறங்குகிற நிதானம் அது.

தரையிறங்கியது உறுதி என்று அறிவித்த குரல் ஸ்வாதி மோகனுடையது. பெங்களூரில் பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே அமெரிக்கா போனவர். கலத்தின் வழிகாட்டல், கட்டுப்பாட்டுப் பணிகளைக் கவனித்தவர். நெற்றியில் பொட்டு வைத்திருந்தார். தங்கை அதைத்தான் முதலில் பார்த்தாள். “பொட்டு வெச்சிருக்குது பாரு அண்ணா” என்றாள்.

சில நிமிடங்களில் முதல் படம் வந்தது. கறுப்பு வெள்ளை. கேமராவின் தூசி மூடி வழியாக எடுத்தது, கொஞ்சம் மங்கல். மண், சிதறிய கற்கள், தரையில் விழுந்த ஊர்தியின் நிழல். தங்கை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். “இவ்வளவுதானா அண்ணா? நம்ம ஏலகிரி அடிவாரம் மாதிரியே இருக்குது” என்றாள். பிறகு தம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனவள், அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். நான் போய்ப் பார்க்கவில்லை.

ஒன்பது வருஷம் வயிற்றைக் கலக்கிய ஒன்றை அந்த ஒரு படம் மண்ணும் கல்லுமாக அவளுக்குக் காட்டிவிட்டது. படத்தை யாரும் தேர்ந்தெடுத்து, அழகுபடுத்தி, தேதி குறித்து வெளியிடவில்லை. வந்தது வந்தபடி, அமெரிக்காவின் பாசதேனாவில் இருந்த பொறியாளருக்கும் மைசூரில் இருந்த என் தங்கைக்கும் ஒரே நேரத்தில் கிடைத்தது.

திறந்து வைத்தால் யார் வருவார்கள்?

நாசா இதைப் பழக்கமாகவே வைத்திருக்கிறது. 2004-இல் ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ஊர்திகள் இறங்கிய காலத்திலிருந்து, செவ்வாயிலிருந்து வரும் படங்களைத் திருத்தாமல் அப்படியே இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒட்டலாம், நிறம் கூட்டலாம், ஆராயலாம். பெர்சிவரன்ஸ் பாராசூட் விரியும் காணொளி வெளியானபோது, அதன் சிவப்பு வெள்ளைப் பட்டைகளில் ஒரு சேதி ஒளிந்திருக்கிறது என்று பொறியாளர்கள் குறிப்புக் கொடுத்தார்கள். சில மணி நேரத்துக்குள் எங்கோ இருந்த ஆர்வலர்கள் அதை ஒன்று, பூஜ்யமாகப் பிரித்துப் படித்துவிட்டார்கள். பெரிய செயலுக்குத் துணி என்று பொருள்படும் வாசகமும், ஊர்தியைக் கட்டிய ஆய்வுக்கூடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையும் அதில் இருந்தன.

திறந்து வைத்த இடத்துக்கு நம்மவரும் போனார்கள் என்பதற்கு என்னிடம் இருக்கும் சான்று விக்ரமே. விக்ரம் விழுந்த இடத்தின்மேல் 2019 செப்டம்பர் 17 அன்று நாசாவின் நிலாச் சுற்றுக்கலம் பறந்து படம் எடுத்தது. அதே மாதம் 26-ஆம் தேதி அந்தப் படத்தை எல்லாருக்கும் பொதுவாக வெளியிட்டது. சண்முக சுப்பிரமணியன் என்ற இளைஞர் அதை இறக்கிக்கொண்டார். மதுரைக்காரர், சென்னையில் வேலை பார்த்த பொறியாளர். விண்வெளித் துறைக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. விழுவதற்கு முன் எடுத்த பழைய படத்தை ஒரு மடிக்கணினியிலும், புதிய படத்தை இன்னொன்றிலும் வைத்துக்கொண்டு, இரவிரவாகப் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டார். பழையதில் இல்லாத ஒரு வெளிர்ப் புள்ளியைப் புதியதில் கண்டுபிடித்து நாசாவுக்கு எழுதினார். அவர்கள் அந்த இடத்தை மறுபடி மறுபடி படம் எடுத்துச் சோதித்தார்கள். டிசம்பர் 2 அன்று, அது விக்ரமின் சிதறல்தான் என்று உறுதி செய்து, கண்டுபிடித்தவர் என்று அவர் பெயரைப் போட்டு அறிவித்தார்கள். பிரதானமாக மோதிய இடத்திலிருந்து சுமார் 750 மீட்டர் தள்ளி இருந்தது அவர் கண்ட துண்டு.

எங்கள் ஒர்க்‌ஷாப் மேஜைதான் இது. கெட்ட பாகத்தை வெளிச்சத்தில் வைத்தால், அதைப் பார்க்கத் தெரிந்த கண் எங்கிருந்தாவது வந்து சேரும். சண்முக சுப்பிரமணியனுக்குச் சம்பளம் கொடுத்து யாரும் அந்த வேலையைச் சொல்லவில்லை. படம் அவருக்குக் கிடைத்தது, அவ்வளவுதான். நம் சந்திரயான்-2 சுற்றுக்கலமே விக்ரம் கிடக்கும் இடத்தை முன்னதாகக் கண்டுவிட்டது என்று சிவன் சொன்னார். அதை நான் நம்புகிறேன். எனக்குள்ள வருத்தம் ஒன்றுதான்: அந்தப் படத்தை அப்போதே வெளியிட்டிருந்தால், நம் பையன் நம் கலத்தின் படத்திலேயே நம் விக்ரமைத் தேடியிருப்பான்.

நான்கு வருஷம் கழித்து வந்த பதில்

பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். 2019 நவம்பரில் நாடாளுமன்றத்தில் அரசு எழுத்து மூலம் பதில் சொன்னது. 30 கிலோமீட்டரிலிருந்து 7.4 கிலோமீட்டர் வரையிலான முதல் கட்ட இறக்கம் சரியாக நடந்தது, வேகம் நொடிக்கு 1,683 மீட்டரிலிருந்து 146 மீட்டராகக் குறைந்தது, அடுத்த கட்டத்தில் வேகக் குறைப்பு கணக்கிட்டதிலிருந்து மாறுபட்டது, குறித்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் வேகமாக மோதி இறங்கியது என்றது. என்ன நடந்தது என்பது அதில் இருந்தது. ஏன் நடந்தது என்பது இல்லை. ஆய்வுக் குழுவின் முழு அறிக்கை பொதுமக்களுக்கு வரவில்லை.

ஏன் என்பதை, சந்திரயான்-3 புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பு, 2023 ஜூலையில் இஸ்ரோ தலைவர் எஸ். சோமநாத் விளக்கினார். விக்ரமின் ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக உந்தின. படம் எடுப்பதற்காகக் கலம் அசையாமல் வர வேண்டிய கட்டத்தில் அந்தப் பிழையைத் திருத்த முடியாமல், அது சேர்ந்துகொண்டே போனது. பிறகு திருத்த முயன்றபோது மிக வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. அவ்வளவு வேகமாகத் திரும்ப மென்பொருள் வைத்திருந்த வரம்பு இடம் கொடுக்கவில்லை. இறங்க வேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்ற சின்னச் சதுரம். அந்த இடத்தை எட்டிப்பிடிக்கப் போய், தரையை நெருங்கும் நேரத்தில் வேகத்தைக் கூட்டிக்கொண்டது.

எவ்வளவு தெளிவான பதில்! ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்ட பேத்திக்கு அதைத் தாளில் படம் போட்டுக் காட்டினேன். ஒரே தடவையில் புரிந்துகொண்டாள். “அப்போ புள்ளி மேல தப்பு இல்ல தாத்தா, கட்டம் சின்னதா போட்டுட்டாங்க” என்றாள். அதே பாடத்தை இஸ்ரோவும் படித்திருந்தது. சந்திரயான்-3-க்கு இறங்கும் இடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிந்தது. எஞ்சின் நான்காகக் குறைந்தது, எரிபொருள் கூடியது. நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் மோதினாலும் தாங்கும்படி கால்கள் பலப்பட்டன. தரைக்கு எதிரான வேகத்தை லேசர் கொண்டு அளக்கும் கருவி ஒன்று சேர்ந்தது. எது கெட்டாலும் எப்படித் தப்பிப்பது என்று கேட்டுக் கேட்டுக் கட்டிய கலம் அது.

2023 ஆகஸ்ட் 23 மாலை ஆறு மணி நான்கு நிமிடத்துக்கு அது நிலாவின் தென் துருவப் பகுதியில் இறங்கியபோது எங்கள் தெருவே எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தது. எதிர்வீட்டுக் கன்னடத்து அம்மா கற்பூரம் ஏற்றி வைத்துவிட்டுத்தான் வந்தார். யூடியூப்பில் ஒரே நேரத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் திரையில் வந்தபோது எனக்குக் கண் நிறைந்தது. விழுப்புரத்து ரயில்வே தொழிலாளி மகன், ரயில்வே பள்ளியில் படித்து, பாலிடெக்னிக் போய், பிறகு பொறியியல் படித்து, சென்னை ஐஐடியில் முனைவரானவர். பெட்டிக்கு அடியில் எண்ணெய்க் கையோடு படுத்து வேலை பார்த்த எங்களில் ஒருவருடைய பிள்ளை.

இந்தக் கலத்தைச் சோதித்ததிலும் நம் மண் இருக்கிறது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்துப் பாறை நிலாப் பாறையின் இனம் என்பதால், அதைப் பொடித்துத்தான் கலம் இறங்கவும் ஊர்தி ஓடவும் சோதனைத் தளம் போட்டார்கள். பெங்களூருக்கு வெளியே பியாலாளுவில் 32 மீட்டர் அகல ஆண்டெனா விண்கலங்களின் சேதியை வாங்குகிறது. கலங்கள் அனுப்பும் அறிவியல் தரவுகளைச் சேமிக்கும் மையமும் அதே வளாகத்தில் இருக்கிறது. மைசூரிலிருந்து பெங்களூருக்கு ரயில் ஏறும்போதெல்லாம், பிடதி தாண்டும் சமயம் நான் அந்தத் திசையைப் பார்த்துக்கொள்வேன். நிலாவும் செவ்வாயும் பேசியது அங்கேதான் பத்திரமாக இருக்கிறது.

மறுப்பும் கோரிக்கையும்

இஸ்ரோ எதையும் திறப்பதில்லை என்று சொன்னால் அது பாவம். சந்திரயான்-2, சந்திரயான்-3 அறிவியல் தரவுகளை அது பொதுவில் வைத்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் ஜிஎஸ்எல்வி-எஃப்10 ராக்கெட் தோற்றபோது, திரவ ஹைட்ரஜன் தொட்டியின் வால்வில் கசிவு என்று காரணத்தைக் கண்டு, அறிக்கையின் சுருக்கத்தை அடுத்த ஆண்டே வெளியிட்டது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இஸ்ரோவே சாட்சி. ஆனால் தரவு வரும்போது மாதங்களும் வருஷங்களும் கடந்துவிடுகின்றன. வரும் கோப்புகளைத் திறக்கத் தனி மென்பொருளும் தனிப் பழக்கமும் வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எட்டாது. அன்றன்றைக்கு வெளிவருபவை தேர்ந்தெடுத்த சில படங்கள்தான்.

கருவியைப் பத்து வருஷம் உழைத்துக் கட்டிய விஞ்ஞானிக்கு, அதன் தரவை முதலில் ஆராயும் உரிமை வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். நிறமாலை, வெப்ப அளவீடு போன்ற அறிவியல் தரவுகளை ஆறு மாதமோ ஒரு வருஷமோ அவர் வைத்துக்கொள்ளட்டும். கலத்தின் காலையும் தரையையும் பார்க்கும் சாதாரணக் கேமராப் படங்களுக்கு அந்தக் காவல் எதற்கு? 1976-இல் வைக்கிங்-1 செவ்வாயில் இறங்கி அனுப்பிய முதல் படம், தன் காலே மண்ணில் ஊன்றி நிற்பதுதான். பதினேழு வயதில் அந்தச் சேதியைச் செய்தித்தாளில் படித்துத்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. அதே கலத்தின் முதல் வண்ணப் படத்தில் செவ்வாயின் வானம் நீலமாக இருந்தது. தவறு என்று தெரிந்ததும் இளஞ்சிவப்பாகத் திருத்தி வெளியிட்டார்கள். அதனால் அவர்கள் மதிப்பு குறையவில்லை.

தோல்வியைத் திறந்து காட்டினால் கேலி பேசுவார்கள், அரசியல் ஆக்குவார்கள் என்பது இன்னொரு பயம். 2019-இல் இந்த நாடு சிவனோடு நின்றது. யாரும் கேலி பேசியதாக எனக்கு நினைவில்லை. ஐரோப்பாவின் ஸ்கியாபரெல்லி கலம் 2016 அக்டோபரில் செவ்வாயில் மோதி நொறுங்கியது. சுழற்சியை அளக்கும் கருவி ஒரு நொடி அளவுக்குத் திணறியதால், தான் தரைக்குக் கீழே இருப்பதாகக் கணினி கணக்குப் போட்டு, மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேலான உயரத்திலேயே பாராசூட்டை அறுத்துவிட்டது. இதை அடுத்த ஆண்டே விசாரணை அறிக்கையாக வெளியிட்டார்கள். இன்று உலகத்தில் எந்த மாணவனும் அதைப் படித்துக் கற்கலாம். விக்ரமின் பாடம் அதைவிடச் சின்னதா?

ஆகவே மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். நிலாவிலிருந்து மண் எடுத்து வரும் சந்திரயான்-4-க்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. அதிலிருந்தே தொடங்கலாம். ஒன்று, பொறியியல் கேமராப் படங்கள் வந்த அன்றே, கைபேசியில் திறக்கும் சாதாரணப் படக்கோப்பாக, எல்லாருக்கும் பொதுவில் வர வேண்டும். இரண்டு, நேரலையின்போது திரையில் ஓடும் கோடும் எண்ணும் என்ன சொல்கின்றன என்பதை, அந்த வேலை தெரிந்த பொறியாளர்களே தமிழிலும் கன்னடத்திலும் மற்ற மொழிகளிலும் உடனுக்குடன் விளக்க வேண்டும். மயில்சாமி அண்ணாதுரை முதல் வீரமுத்துவேல் வரை தமிழில் சொல்லக்கூடியவர்களுக்கா நம்மிடம் பஞ்சம்? மூன்று, எந்தக் கலம் தோற்றாலும், பாதுகாப்பு சம்பந்தப்பட்டதை மட்டும் நீக்கிவிட்டு, தோல்வி அறிக்கையை ஓராண்டுக்குள் வெளியிட வேண்டும்.

ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. தரையிறங்கும் அன்று பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கொடி அசைக்கச் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். மறுநாள் வரும் படங்களைக் காட்டுங்கள். நிழலை அளக்கச் சொல்லுங்கள். கல்லை எண்ணச் சொல்லுங்கள். கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.

ஆகாஷ்வாணி என்ற சொல் இந்தியாவுக்கு எங்கள் மைசூரிலிருந்து போனது. 1935-இல் மனோதத்துவப் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி தம் வீட்டிலேயே ஒரு சின்ன ஒலிபரப்பியை வைத்து வானொலி நடத்தினார். அதற்கு வைத்த பெயர்தான் பிறகு நாட்டு வானொலிக்கே பெயரானது. அரசாங்கம் சொல்லி அவர் தொடங்கவில்லை. ஆர்வம் இருந்தது, கருவி கைக்குக் கிடைத்தது. ஆர்வம் உள்ள ஒரு மனிதருக்குக் கருவி கிடைத்தால் ஒரு நாட்டின் காதுக்கே குரல் வந்துவிடும் என்பதற்கு இந்த ஊர் சாட்சி. இன்று நிலாவிலிருந்தும், நாளை செவ்வாய்த் தரையிலிருந்தும் வரும் வான்குரல் நம் ஊருக்குப் பக்கத்துப் பியாலாளு வரைக்கும் வருகிறது. அங்கிருந்து நம் வீட்டுக் கூடத்துக்கு வரவேண்டிய தூரம் கொஞ்சம்தான்.

பச்சைப் புள்ளியைப் பற்றிக் கேட்டபோது என் பேத்தி இரண்டாம் வகுப்பில் இருந்தாள். பதில் கிடைத்தபோது ஆறாம் வகுப்பு. அடுத்த முறை அவள் கேட்கும் கேள்விக்கு, அதே வகுப்பில் இருக்கும்போதே பதில் வர வேண்டும்.